விளக்கைப் பாருங்கள்... விழியை வதைக்காதீர்கள்!

சாயங்காலம் ஆறு மணி ஆனால் உங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுவீர்கள்தானே? ஏற்றிய பிறகு அந்தச் சுடரை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். திரி போட்டு, எண்ணெய் விட்டு, தீக்குச்சி கிழித்து, கையெடுத்து ஒரு கும்பிடு. அவ்வளவுதான்! அடுத்த நிமிஷமே குக்கர் விசில், டி.வி. சீரியல், செல்போன். விளக்கு பாட்டுக்கு எரிகிறது, நாம் பாட்டுக்கு ஓடுகிறோம்.

அந்த விளக்குக்கு முன்னால் தினம் பத்து நிமிஷம் உட்காருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, எப்படி உட்காரக் கூடாது, யார் உட்காரக் கூடாது என்பதையும் சொல்லப் போகிறேன். ஏனென்றால், இப்போதெல்லாம் என்னைத் தேடி வருகிறவர்களில் பலர், ‘மெழுகுவர்த்தியைப் பார்த்தா நல்லதாமே டாக்டர்’ என்று கேட்பதில்லை. ‘பார்த்துட்டிருக்கேன் டாக்டர், கண்ணு எரியுது’ என்று வருகிறார்கள்!

ஊத்தங்கரைக்கு வந்த கேள்வி

எங்கள் ஊத்தங்கரையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிற ஊர். சின்ன ஊர்தான். ஆனால், தமிழ்நாடு முழுக்கப் பேர் தெரியும். காரணம், இங்குள்ள பள்ளிக்கூடங்கள். 2014-ல் பிளஸ் டூ தேர்வில் மாநிலத்தின் முதல் இடம் ஊத்தங்கரைக்குத்தான் வந்தது. ரேங்க் பட்டியல் வெளியிடுகிற வழக்கத்தை அரசாங்கம் 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனால், பெற்றோர் மனசில் ஓடுகிற ரேங்க் பட்டியலை யார் நிறுத்துவது?

இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். போச்சம்பள்ளி சிப்காட், பர்கூர், ஓசூர் என்று கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டும், தூக்கம் வராது. இரவில் விழித்திருக்க வேண்டும், கண் சொருகும்.

இந்த இரண்டு கூட்டமும் என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான். “மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. என்ன செய்றது?” இதற்குச் செல்போனில் யாரோ ஒருவர் பதில் சொல்லிவிடுகிறார்: ‘மெழுகுவர்த்தியை அரை மணி நேரம் இமை கொட்டாமல் பார். ஞாபக சக்தி பெருகும், கண்ணாடியைத் தூக்கி எறியலாம்!’

இதில் பாதி உண்மை. பாதி ஆபத்து. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

பழைய நூல் என்ன சொல்கிறது?

இந்தப் பயிற்சிக்கு யோக நூல்களில் ‘திராடகம்’ என்று பெயர். 15-ம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை இதைச் சொல்கிறது. ஒரு சிறிய பொருளின் மேல் அசையாமல் பார்வையை வைத்து, கண்ணீர் வரும்வரை பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கவனியுங்கள், அதில் மெழுகுவர்த்தி இல்லை! சிறிய இலக்கு என்றுதான் இருக்கிறது. ஒரு புள்ளியாக இருக்கலாம், ஒரு சுடராக இருக்கலாம். மெழுகுவர்த்தி பின்னால் வந்தது.

இன்னொரு விஷயத்தைப் பலர் சொல்வதே இல்லை. அந்த நூல் திராடகத்தைத் தியானத்தின் கீழ் வைக்கவில்லை. தௌதி, வஸ்தி, நேதி, நௌலி, கபாலபாதி ஆகியவற்றோடு ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்றாக வைக்கிறது. அதோடு, கொழுப்பும் கபமும் மிஞ்சியவர்களுக்குத்தான் இந்த ஆறும் முதலில் தேவை, மற்றவர்களுக்கு அவசியமில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று அந்தக் காலத்து யோகியே சொல்லவில்லை. செல்போன் யோகிகள்தான் சொல்கிறார்கள்!

சுடரைப் பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. வள்ளலார் 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபையை அமைத்தார். அங்கே தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் திருவண்ணாமலை. சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகப் போய்விடலாம். கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் நெய்த்தீபம் எரியும். கீழே நிற்கிற லட்சக்கணக்கான ஜனங்களும் அந்த ஒரு புள்ளியையே பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் அத்தனை கூச்சலிலும் மனசுக்குள் ஒரு அமைதி வரும் பாருங்கள், போனவர்களுக்குத் தெரியும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். பார்வை ஒரு இடத்தில் நின்றால் மனசும் அதோடு கொஞ்சம் நிற்கும் என்கிற சூட்சுமமும் அதில் இருக்கிறது.

பார்க்கும்போது என்ன நடக்கிறது?

நம் கண் சும்மா இருப்பதே இல்லை. ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவை இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். கண் தாவுகிற இடத்துக்குக் கவனமும் தாவும். கண்ணை ஒரு சுடரில் நிறுத்தும்போது, தாவுவதற்கான சாக்கு குறைகிறது. அப்போதும் மனசு ஓடும். ஓடினால், திரும்பச் சுடருக்குக் கொண்டு வருகிறீர்கள். மறுபடி ஓடும். மறுபடி கொண்டு வருகிறீர்கள். பயிற்சி என்பது இதுதான்! ஓடாமல் இருப்பது அல்ல, ஓடியதைக் கவனித்துத் திருப்பிக் கொண்டு வருவது. மாட்டைக் கட்டுத்தறிக்குப் பழக்குகிற மாதிரி.

கூடவே மூச்சு நிதானமாகிறது. மெதுவாக மூச்சை வெளியே விடும்போது ‘வேகஸ்’ என்கிற நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. படபடப்பு குறைவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து, பலரைப் பயமுறுத்துகிற மூன்று விஷயங்கள்.

ஒன்று, கண்ணீர். ‘கண்ணில் உள்ள அழுக்கெல்லாம் வெளியே போகுது’ என்பார்கள். அப்படி இல்லை. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கண்மணி மேல் ஈரத்தைப் பூசிவிடுகிறது. இமைக்காவிட்டால் ஈரம் காய்ந்து உறுத்தும். உறுத்தல் தாங்காமல் சுரப்பதுதான் அந்தக் கண்ணீர். வெங்காயம் உரிக்கும்போது வருகிற மாதிரிதான்.

இரண்டு, சுற்றியிருப்பது மறைவது. “பார்த்துட்டே இருந்தேன், சுவரே காணாமப் போச்சு டாக்டர்!” என்று ஒரு அம்மா நடுங்கிக்கொண்டு சொன்னார். பார்வை அசையாமல் நின்றால், ஓரத்தில் இருப்பவை மங்கி மறைந்த மாதிரி தெரியும். டிராக்ஸ்லர் என்கிற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். மாறாத காட்சியை நம் பார்வை நரம்புகள் ஒதுக்கிவிடுகின்றன. ஒரு தடவை இமைத்தால் சுவர் திரும்ப வந்துவிடும்!

மூன்று, கண்ணை மூடிய பிறகும் தெரிகிற சுடர். அது கருப்பாகவோ, பச்சையாகவோ, ஊதாவாகவோ தெரியலாம். வெளிச்சம் பட்ட இடத்தில் விழித்திரை சற்றுக் களைத்துப்போவதால் வருகிற பின்பிம்பம் அது. சிறிது நேரத்தில் தானே கரைந்துவிடும். ‘எனக்கு ஜோதி தரிசனம் கிடைச்சிடுச்சு’ என்று துள்ளவும் வேண்டாம், ‘பேய் பிடிச்சிடுச்சு’ என்று மந்திரிக்கப் போகவும் வேண்டாம். ஆனால், கண் திறந்த பிறகும் பல நிமிஷம் கரும்புள்ளி போகாமல் இருந்தாலோ, மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்தாலோ, திரை போட்ட மாதிரி மறைத்தாலோ உடனே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். ஐம்பூதங்களில் தீயின் கூறு கண். பார்வையை நடத்துவது ஐந்து வகைப் பித்தங்களில் ஒன்றான ஆலோசக பித்தம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த பால பாடம் இது. தீயின் உறுப்பைத் தீயின் முன்னால் வைக்கிறோம் என்றால் அளவு வேண்டாமா? இரவுக் கண்விழிப்பு, வெயில், காரம், அடிக்கடி டீ என்று ஏற்கெனவே பித்தம் ஏறிக் கண் எரிகிறவர், அரை மணி நேரம் நெருப்பை முறைத்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். அவர் முதலில் தூக்கத்தையும் உணவையும் சரி செய்யட்டும். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் எடுக்கட்டும். விளக்கு அப்புறம்.

ஆய்வுகள் சொல்வது

ஓசூரைத் தாண்டினால் ஆனேக்கல், அதை அடுத்து ஜிகனி. அங்கே சுவாமி விவேகானந்தா யோகப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திராடகம் பற்றிச் சில ஆய்வுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. 2014-ல் முதியவர்களிடம் சுமார் ஒரு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எண்களை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்வது, குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடி அடிப்பது போன்ற சோதனைகளில் பயிற்சி செய்தவர்கள் முன்னேறினார்கள். 2016-ல் இன்னொரு ஆய்வு, 30 ஆண்களிடம். ‘சிவப்பு’ என்கிற வார்த்தையைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்கிற சோதனை. வாய் ‘சிவப்பு’ என்று படிக்கத் துடிக்கும், அதை அடக்கிப் ‘பச்சை’ என்று சொல்ல வேண்டும். திராடகம் செய்து முடித்த உடனே வைத்த சோதனையில் இதை நன்றாகச் செய்தார்கள்.

சென்னை அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 29 பேருக்குப் பத்து நாள் திராடகம் கொடுத்தபோது, தூக்கம் மேம்பட்டதாகத் தெரிந்தது.

நல்ல செய்திதான். ஆனால், இவை எல்லாம் சின்ன ஆய்வுகள். ‘கவனத்துக்கும் தூக்கத்துக்கும் உதவக்கூடும்’ என்கிற அளவுக்குத்தான் இவற்றை வைத்துப் பேச முடியும். மார்க் கூடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

கண்ணாடி விஷயம்? குஜராத்தில் ஜாம்நகர் ஆயுர்வேதப் பல்கலைக்கழகத்தார் 2012-ல் கிட்டப்பார்வை, வெள்ளெழுத்து போன்ற குறை உள்ளவர்களுக்குத் திராடகமும் கண் பயிற்சிகளும் கொடுத்துப் பார்த்தார்கள். கண் களைப்பு போன்ற தொல்லைகளில் கொஞ்சம் சுகம் தெரிந்தது. பவரை அளந்து பார்த்தபோது சொல்லும்படியான மாற்றம் இல்லை. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் உருண்டையின் நீளம் கூடுவதால் வருவது. நீண்டுபோன கண்ணைச் சுடர் சுருக்குமா? சொல்லுங்கள்.

கண் நோய்கள் 96 என்று வகை பிரித்து வைத்த மருத்துவம் நம் சித்த மருத்துவம். தொண்ணூற்றாறுக்கும் ஒரே மெழுகுவர்த்தி போதும் என்றால், சித்தர்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள்?

இரண்டு பேர் கதை

பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தார். ஹாஸ்டலில் இருக்கிறான். மார்க் குறைந்துவிட்டது. கவனம் இல்லை என்று லீவுக்கு வந்தபோதெல்லாம் அரை மணி நேரம் இமைக்காமல் மெழுகுவர்த்தியைப் பார்க்க வைத்திருக்கிறார். தலைவலிதான் மிச்சம். “ஞாபக சக்திக்கு ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்” என்றார். நான் பையனிடம், “எதிரே மாட்டியிருக்கிற காலண்டர்ல இன்னைக்கு என்ன கிழமைன்னு படி தம்பி” என்றேன். கண்ணை இடுக்கினான். படிக்க முடியவில்லை. கரும்பலகையில் எழுதுவதே தெரியாதவனுக்கு லேகியம் எதற்கு? கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் பவர். கண்ணாடி போட்ட ஒரு மாதத்தில் தலைவலி போய்விட்டது. ‘கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்னு பயந்தேன் டாக்டர்’ என்றார் அம்மா. தேவையான கண்ணாடியைப் போடுவதால் பவர் ஏறாது. இதை எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தவர் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கிறவர், நாற்பத்தேழு வயது. கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, அவருக்கு இருந்தது. அப்பாவுக்கும் இருந்ததாம். தினம் சொட்டு மருந்து விடச் சொல்லியிருந்தார்கள். செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, ‘இயற்கையா குணமாக்கிக்கலாம்’ என்று சொட்டு மருந்தை நிறுத்தியிருக்கிறார். தினம் காலையும் மாலையும் மெழுகுவர்த்தி. வலி இல்லை, சிவப்பு இல்லை. சரியாகிவிட்டது என்றே நினைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போகும்போது பக்கவாட்டில் வந்த ஆட்டைக் கவனிக்காமல் இடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இடுப்பு வலிக்குத் தைலம் வாங்க வந்த இடத்தில் இதைச் சொன்னார். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இடது கண்ணில் ஓரப் பார்வை நிறையப் போய்விட்டிருந்தது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். இப்போது ஒழுங்காகச் சொட்டு மருந்து விடுகிறார். இருக்கிற பார்வை நிற்கிறது.

அவரைக் கெடுத்தது மெழுகுவர்த்தி அல்ல. மெழுகுவர்த்தியை நம்பி மருந்தை நிறுத்தியதுதான். நான் சித்த மருத்துவன். ஆனாலும் சொல்கிறேன், எந்தக் கண் நோய்க்கும் டாக்டர் தந்த சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யார் செய்யக் கூடாது?

கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள். கண்புரை ஆபரேஷன் செய்து கண் டாக்டர் இன்னும் ‘சரி’ என்று சொல்லாதவர்கள். மெட்ராஸ் ஐ, கண் கட்டி போன்ற தொல்லை இருப்பவர்கள். கண் வறட்சி அதிகம் உள்ளவர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், ஏனென்றால் துடிக்கிற வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள். காதில் குரல் கேட்கிறது, இல்லாதது தெரிகிறது என்று மனநல சிகிச்சையில் இருப்பவர்கள். இவர்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் சுடர் பார்க்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். ஓடி விளையாடுவதுதான் அவர்களுக்குத் தியானம்!

சூரியனைப் பார்க்கிற பயிற்சி என்று ஒன்று சொல்கிறார்கள். யாரும், எப்போதும், ஒரு நிமிஷம்கூடச் செய்யாதீர்கள். அகல்விளக்குச் சுடர் விழித்திரையைச் சுடாது. சூரியன் சுட்டுவிடும். அந்தக் காயம் ஆறாமலே போகலாம்.

சரி, எப்படிச் செய்வது?

1. மெழுகுவர்த்திதான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கிற அகல்விளக்கு போதும். நல்லெண்ணெயோ, நெய்யோ, விளக்கெண்ணெயோ ஊற்றி ஒரே ஒரு பஞ்சுத்திரி. புகையாமல் எரிய வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் வாசனை மெழுகுவர்த்தியைத் தவிருங்கள்.

2. விளக்கை ஸ்டூலின் மேலோ, மனையின் மேலோ வையுங்கள். சுடர் கண் மட்டத்திலோ, கொஞ்சம் கீழாகவோ இருக்கட்டும். இரண்டு முதல் மூன்று அடி தூரம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுடர் ஆடக் கூடாது.

3. அறை மங்கலாக இருந்தால் போதும். கும்மிருட்டு வேண்டாம். பின்னால் ஒரு சின்ன பல்பு எரியலாம்.

4. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். முதுகு நேராக இருந்தால் சரி. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் சுடர் மங்கலாகத் தெரிகிறவர்கள் கண்ணாடியோடே பாருங்கள், தப்பில்லை.

5. முதலில் கண்ணை மூடி ஐந்து தடவை மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்.

6. கண்ணைத் திறந்து சுடரின் நுனியைப் பாருங்கள். முறைக்க வேண்டாம். தொட்டிலில் தூங்குகிற குழந்தையைப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. இமை வந்தால் இமைத்துக்கொள்ளுங்கள். இமைக்காமல் இருப்பதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

7. முதல் வாரம் ஒரு நிமிஷம் போதும். அப்புறம் கண்ணை மூடி, உள்ளே தெரிகிற பிம்பத்தைச் சும்மா கவனியுங்கள். அது கரைகிறவரை விடுங்கள். பிறகு மறுபடி ஒரு நிமிஷம். இப்படி மூன்று சுற்று.

8. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம் ஆக்கலாம். மொத்தம் பத்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். எரிச்சல், தலைவலி, கண்ணில் உறுத்தல் வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

9. முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்து, கண்ணின் மேல் குவித்து மூடுங்கள். அழுத்தக் கூடாது. பிறகு குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள். கண்ணுக்குள் தேன், பன்னீர், பூச்சாறு, எண்ணெய் என்று எதையும் விடாதீர்கள்.

10. விளக்கை அணைத்துவிட்டு எழுந்திருங்கள். நைலான் புடவை, தொங்கும் துப்பட்டா, அவிழ்த்த கூந்தலோடு சுடருக்குப் பக்கத்தில் குனிய வேண்டாம். படுக்கையில் உட்கார்ந்து செய்யவே வேண்டாம்.

யாருக்கு எப்போது?

படிக்கிற பிள்ளைகள்: பாடத்தை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு புதிதாக ஆரம்பிக்காதீர்கள், இரண்டு மாதம் முன்பே பழகட்டும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் விளக்கோ, மெழுகுவர்த்தியோ ஏற்றவே கூடாது. நெருப்பு விபத்துக்கு ஒரு நொடி போதும். அதற்குப் பதில், வெள்ளைக் காகிதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்புப் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய நூல் சொன்ன ‘சிறிய இலக்கு’ இதுவும்தானே! எந்த மதத்துப் பிள்ளையும் செய்யலாம், செலவும் இல்லை.

ஷிப்ட் வேலைக்காரர்கள்: தூங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு. நைட் ஷிப்ட் முடித்து வந்தால், குளித்து, லேசாகச் சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் புள்ளிப் பயிற்சி செய்யுங்கள். இரவெல்லாம் நுணுக்கமான பாகங்களையோ, கம்ப்யூட்டர் திரையையோ பார்த்த கண்ணுக்கு அன்றைக்குச் சுடர் வேண்டாம். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே போதும். வேலை நேரத்தில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நம் இமைப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் நினைத்து நினைத்து இமையுங்கள்.

இல்லத்தரசிகள்: சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரமே உங்களுக்கு நேரம். ‘எனக்கு எங்கே டாக்டர் பத்து நிமிஷம்?’ என்று கேட்காதீர்கள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான். காது விசிலிலேயே இருக்கும்!

நீங்கள் கேட்பவை

“செல்போனில் மெழுகுவர்த்தி எரிகிற வீடியோவைப் பார்த்தால் ஆகாதா?”

வேண்டாமே! எந்தக் கருவியிடமிருந்து கவனத்தை மீட்க உட்காருகிறோமோ, அதையே கையில் பிடித்துக்கொண்டு உட்காருவானேன்? நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் சுடர் எங்கே, நீங்கள் எங்கே?

“எனக்குச் சுடரைப் பார்த்தால் மனசு இன்னும் அதிகமாக ஓடுகிறது.”

அதிகமாக ஓடவில்லை. எப்போதும் ஓடுவது இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. திருப்பிக் கொண்டு வாருங்கள். ஆனால், பயம், படபடப்பு, அழுகை கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

“கவலை மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறேன். இதைச் செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?”

கூடாது. மாத்திரை தந்த டாக்டர்தான் குறைக்க வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டு இதைக் கூடுதலாகச் செய்யலாம்.

“எத்தனை நாளில் பலன் தெரியும்?”

நம் வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்போம். 48 நாள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால் குற்றமில்லை, மூன்றாம் நாள் உட்காருங்கள். பலனை எப்படி அளப்பது? ஜோதி தெரிந்ததா, கண்ணீர் வந்ததா என்று பார்க்காதீர்கள். புத்தகத்தை எடுத்த பிள்ளை எத்தனை நிமிஷம் கழித்து எழுந்திருக்கிறான், படுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை எரிந்து விழுகிறீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் வாரத்தையும் ஏழாவது வாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் காலை நடைப்பயிற்சியோ, பிராணாயாமமோ, உங்களுக்கு ஒத்து வருகிற வேறு ஒன்றோ செய்யுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் நீர் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ, கண் முகாமிலோ பார்த்துக்கொள்ளலாம். ‘உங்கள் கண் நன்றாக இருக்கிறது’ என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே விளக்கை ஏற்றி, ஒரே ஒரு நிமிஷம் உட்காருங்கள்.